641 தைத்த பக்கம்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு நோட்டின் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு, அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி அதன் பக்கத்திலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நானே ஒட்டியதை நானே பிரிக்க வேண்டியிருந்தது. ஏன் ஒட்டினேன், ஏன் பிரித்தேன் என்றால் கதை கொஞ்சம் பின்னால் போகும்.

நாங்கள் ஐந்து பேர். இருபது வருஷத்துக்கு முன்னால் திருச்சியில் ஒரே விடுதி, ஒரே வராந்தா, ஒரே வாளிக்கு ஐந்து சண்டை. இப்போது ஆளுக்கொரு ஊர். வாட்ஸப் குழுவில் காலை வணக்கப் பூக்களைத் தவிர வேறெதுவும் வராத நிலைமை வந்தபோது, புதுச்சேரியில் இருப்பவள்தான் ஆரம்பித்தாள்: கையால் செய்த நோட்டு ஒன்று, ஒன்றே ஒன்று. வரையலாம், ஒட்டலாம், எழுதலாம். முடித்ததும் தபாலில் அடுத்தவளுக்கு அனுப்பிவிட வேண்டும். யாரும் மூன்று வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. சுற்று, வயது வரிசையில்.

பக்கத்தில் பெயர் போடக் கூடாது, மூலையில் பின்கோடின் முதல் மூன்று எண் மட்டும் என்பது என் யோசனை. நான் கணக்கு டீச்சர், வேறெப்படி யோசிப்பேன்? பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. 6 என்று தொடங்கினால் தமிழ்நாடு, கேரளம் பக்கம். மூன்று எண்ணைப் பார்த்தாலே தபால் எந்த மாவட்டத்துக்குப் பிரியும் என்று தெரிந்துவிடும். ஆக நான் 613, தஞ்சாவூர். புதுச்சேரி 605, நாகர்கோவில் 629, சென்னை 600, திருப்பூர் 641. சுற்றும் அதே வரிசைதான். இப்போது போனில்கூட "ஏய் 629, மழையா அங்க?" என்றுதான் ஆரம்பிக்கிறோம். நோட்டுக்கு மட்டும் ஒரு பெயர் உண்டு: ஊர்சுற்றி.

காகிதம் 605-இன் பொறுப்பு. அவள் ஊரில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதப் பட்டறை 1959-லிருந்து இருக்கிறது. பருத்தித் துணி வெட்டுகளை அரைத்துக் கூழாக்கி, தண்ணீரில் கரைத்து, சல்லடைச் சட்டத்தில் அள்ளித் தாளாக்கும் வேலை. இதைக் கேட்டதும் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் 641, "அப்போ எங்க ஊர்க் குப்பைலதான்டி நீங்க எல்லாரும் படம் வரையப் போறீங்க" என்றாள். தாளைக் கத்தியால் வெட்டவில்லை. மடிப்பின் மேல் ஈர பிரஷ்ஷால் ஒரு கோடு இழுத்து, ஸ்கேலை அழுத்திப் பிடித்துக் கிழித்தால் ஓரம் பஞ்சுபோல வரும்.

தைத்தது நான் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் எங்கள் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் கணக்கு நோட்டு பைண்டிங் செய்யும் பெரியவர் சொல்லச் சொல்ல நான் ஊசி பிடித்தேன், அவ்வளவுதான். நான்கு நான்கு தாளாக மடித்து, முதுகில் குத்தூசியால் துளையிட்டு, மெழுகுவர்த்தியில் தேய்த்த நூலால் கோத்தோம். பசை மைதாவைக் காய்ச்சியது, அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம். இல்லாவிட்டால் பூச்சி பசையைத் தின்றுவிட்டு அப்படியே புத்தகத்துக்குள் குடியேறிவிடும். எல்லாம் தயார் என்று நான் நினைத்தபோது அவர் கேட்டார்: "இதுல ஒட்டுவீங்களா டீச்சர்?" ஒட்டுவோம் என்றேன். தைத்ததை எல்லாம் பிரிக்கச் சொன்னார். போட்டோ ஆல்பத்துக்குச் செய்வதுபோலப் பக்கங்களுக்கு நடுவே ஓர் அங்குல அகலக் காகிதக் கீற்றுகளையும் சேர்த்துத் தைக்க வைத்தார். முதுகு தடிமனாக இருந்தால்தான் பிற்பாடு பக்கங்களில் ஏறும் பொருளுக்கு இடம் இருக்கும். இல்லையென்றால் நோட்டு வாயைப் பிளந்துகொண்டே நிற்கும் என்றார். அன்று எரிச்சலாகத்தான் இருந்தது. முதல் தடவை தபாலாபீஸ் தராசில் 380 கிராம் காட்டிய ஊர்சுற்றி இந்த மூன்றாம் சுற்றில் 900-ஐத் தாண்டிவிட்டது. இன்னும் வாய் மூடித்தான் இருக்கிறது.

முதல் சுற்று மரியாதையாகப் போனது. அவரவர் பக்கத்தில் அவரவர், விருந்துக்கு வந்தவர்கள் மாதிரி. 605 கடற்கரைச் சாலையைத் தண்ணீர் வண்ணத்தில் வரைந்தாள். அவள் மட்டும்தான் எங்களில் உண்மையாகவே வரையத் தெரிந்தவள். நியூயார்க்கில் ரே ஜான்சன் என்ற ஓவியர் அறுபதுகளிலேயே படங்களைத் தபாலில் அனுப்பி, "ஏதாவது சேர்த்துத் திருப்பி அனுப்பு" என்று கேட்டுக்கொண்டிருந்தார் என்று தகவலும் கொடுத்தாள். நாம் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று குதிக்க வேண்டாமாம். அவ்வளவு தூரம் எதற்கு? என் பெரிய மாமா எழுபதுகளில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். மாதம் ஒரே ஒரு பிரதி. சைக்கிளில் வீடு வீடாகப் போகும். கடைசி நாலு பக்கம் வாசகர் கருத்துக்காக வெற்றாக இருக்கும். அத்தை பரணில் வைத்திருக்கும் ஓர் இதழில் மாமாவின் கதைக்கு ஒரு வாசகர் பச்சை மையில் எழுதியிருக்கிறார்: "கதை நன்று. பிழைகள் பதினான்கு." பதினான்கையும் சுழித்தும் காட்டியிருக்கிறார்.

இரண்டாம் சுற்றில்தான் சூடு பிடித்தது. 629 ஒரு பக்கம் முழுக்கச் சூரியன் வரைந்தாள். பெயிண்ட் இல்லை, மஞ்சளைக் குழைத்துப் பூசியது. அவள் அனுப்பும் பொட்டலத்தில் எப்போதும் ஒரு துண்டு வசம்பும் இருக்கும், பூச்சி வராமல் இருக்க. வசம்புக்கு 'பேர் சொல்லாதது' என்றும் பெயர் உண்டு. எங்கள் நோட்டுக்கு இதைவிடப் பொருத்தமான காவல் கிடைக்காது. அடுத்து 600. அவளுக்கு எதிர்ப்பக்கத்தில் கோலம் போட ஆசை. வீட்டில் வெள்ளைப் பெயிண்ட் இல்லை. மாமியாரின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தண்ணீர் விட்டுக் கலக்கி, பழுப்புத் தாளை ஒட்டி அதன் மேல் ஏழு புள்ளிக் கோலம் போட்டாள். காயும்வரை பொறுக்காமல் நோட்டை மூடி, மேலே இட்லிச் சட்டியையும் ஏற்றிவிட்டாள்.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆரத்தி எடுத்த எவளுக்கும் தெரியும், இவளுக்கு மட்டும் அன்றைக்குத் தோன்றவில்லை. மறுநாள் பிரித்தால் சூரியனின் முகத்தில் குங்குமச் சிவப்பில் ஒரு கோலம். எதிர்ப்பக்கக் கோலத்தின் கண்ணாடிப் பிம்பம். அழுத்திய இடங்களில் புள்ளி மட்டும் தடித்து, இழைகள் பாதி பாதி. போட்டோ எடுத்துக் குழுவில் போட்டாள். 629-இடமிருந்து ஒரே வரி பதில்: "என் சூரியனுக்கு அம்மை வரவெச்சது யாருடி?"

சிரிப்பதற்காகச் சொன்னது இல்லை. நாலு நாள் பேச்சில்லை. அடுத்தவள் பக்கத்தில் கை படலாமா கூடாதா என்று ஒரு பஞ்சாயத்து. எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை: கூடாது. விடைத்தாளில் மார்ஜின் தாண்டி எழுதினாலே எனக்குக் கை நமநமக்கும். கடைசியில் 605 சொன்னபடி முடிவாயிற்று: கை வைக்கலாம், ஆனால் வைத்த இடத்தில் எண்ணைப் போட வேண்டும். சூரியனின் கன்னத்தோரம் இப்போது பொடி எழுத்தில் 600 என்றிருக்கிறது. சிவப்பு இறங்கி இப்போது செங்கல் நிறம். நோட்டு திரும்பத் தன் ஊருக்கு வந்தபோது 629 அந்தப் பக்கத்தைத்தான் கணவருக்குப் பிரித்துக் காட்டினாள். அம்மையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

சரி, 641-க்கு வருகிறேன்.

இவள் முதல் நாளிலிருந்து பாடிய பாட்டு "எனக்கு வரைய வராது." முதல் சுற்றில் காலர் லேபிள்களை ஒட்டினாள்: எஸ், எம், எல், எக்ஸெல். அடியில் "நாம் ஐந்து பேரும், அன்றும் இன்றும்" என்று தலைப்பு. இரண்டாம் சுற்றில் ஷிப்மென்ட் நெருக்கடியாம். ஒரு பட்டனை மட்டும் தைத்து அனுப்பினாள். மூன்றாம் சுற்றில் அவளிடமிருந்து எனக்கு வந்த பொட்டலத்தைப் பிரித்தபோது உள்ளேயிருந்து தபால்தலை மாதிரி ஒன்று மடியில் விழுந்தது.

தபால்தலை அளவுதான். பால்பாயிண்ட்டில் வரைந்த பாபின், அதில் நூல் சுற்றியிருக்கிறது. மூலையில் "0 காசு". நாலு பக்கமும் பல்லு பல்லாக ஓரம். நோட்டைத் திறந்தால் அவள் பக்கத்தில் இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து, மொத்தம் பத்துச் சதுரங்கள். கத்தரி, டீ கிளாஸ், டிபன் கேரியர், கம்பெனி பஸ்ஸின் பின்பக்கம், கரண்ட் போன நேரத்து மெழுகுவர்த்தி. வரைய வராதவள் கட்டைவிரல் அளவில் வரைந்தால் எல்லாமே வந்துவிடுகிறது. கோடுகளின் மேல் தையல் மிஷினை ஓட்டியிருக்கிறாள். நூல் எங்கும் காணோம், ஊசித் துளைகள் மட்டும். மேல் வரிசை பாதி கழன்று தொங்கியது, ஒன்று விழுந்தே விட்டது.

எனக்குத் தெரிந்த தையல் ஞானத்தை வைத்து உடனே தீர்ப்பு எழுதினேன். பாவம், அழகுக்காகத் தைக்கப் பார்த்திருக்கிறாள். காகிதத்துக்குத் தையல் நீளத்தைக் கூட்டி வைக்க வேண்டும் என்று தெரியவில்லை. பொடித் தையல் போட்டதில் துளைகள் நெருங்கிக் காகிதம் கிழிந்திருக்கிறது. அப்புறம் நூலையும் உருவிவிட்டிருக்கிறாள். அன்று இரவே மைதா காய்ச்சினேன். பட்டர் பேப்பரைக் கீற்று கீற்றாக வெட்டி, பக்கத்தின் பின்னால் ஒவ்வொரு துளை வரிசையையும் மூடி ஒட்டினேன். விழுந்த பாபினை அதன் இடத்தில் பொருத்தி, நாலு ஓரமும் சேரும்படி நகத்தால் நீவிவிட்டேன். மேலே அகராதியை வைத்துக் காயவிட்டேன். ஓரத்தில், விதிப்படி, 613. எனக்கு ரொம்பப் பெருமை. பெரியவரிடம் காட்டினேன், "நல்லா வந்திருக்கு" என்றார்.

என் பக்கத்தை முடிக்க அப்புறம் இரண்டு வாரம் ஆயிற்று. 605-க்கு அனுப்பலாம் என்று வந்த பழைய கவரையே திருப்பிப் போட எடுத்தேன் (கவரை வீணாக்காத வம்சம்). உள்ளே கையை விட்டால் அடியில் ஏதோ வழுவழுவென்று. சட்டைக் காலரில் வைக்கும் சாட்டின் லேபிள். அதன் வெற்றுப் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தாள்:

"ஆளுக்கு ரெண்டு கிழிச்சுக்கோங்க. கடைசியில பக்கம் காலியா ஜன்னல் மாதிரி இருக்கணும்."

போன் போட்டேன். பாதி சொல்வதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஒட்டிட்டியா?"

"ஒட்டிட்டேன்."

"நூல் போடாம வெறும் ஊசிய ஓட்டி, மூணு தாள் வீணாக்கி, நாலாவதுலடி சரியா வந்துச்சு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே கேட்டாள்: "எதுல ஒட்டின?"

"மைதா."

"அப்போ பிரியும். தண்ணி காட்டு."

அந்த ஈரத்துணி அதற்குத்தான். மைதாப் பசைக்கு இருக்கும் ஒரே குணம், மன்னிப்பு கேட்டால் விட்டுவிடும். அவள் வரைந்தது பால்பாயிண்ட் என்பதால் கலையாது, ஆனால் அடுத்த பக்கத்தில் 605-இன் தண்ணீர் வண்ணம் இருக்கிறது. நடுவில் பிளாஸ்டிக் தாளைச் செருகினேன். துணியைப் பிழிந்து பின்பக்கக் கீற்றுகளின் மேல் மட்டும் வைத்து, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஓரத்தைக் கிள்ளிப் பார்த்தேன். மூன்றாம் தடவை பட்டர் பேப்பர் நெளிந்து, பால் ஏடு மாதிரி முழுதாக எழுந்து வந்தது. ஒன்பது துளை வரிசைகளில் எட்டு தப்பித்தன. அவசரப்பட்ட இடத்தில் மெழுகுவர்த்தியின் ஒரு மூலை போயிற்று.

என் பங்கு இரண்டு. பாபினை எடுத்துக்கொண்டேன், ஏற்கெனவே விழுந்ததுதானே. இன்னொன்று மூலை உடைந்த மெழுகுவர்த்தி. அதை வேறு யார் தலையிலும் கட்ட மனமில்லை. இரண்டையும் என் பக்கத்தில் ஒட்டினேன். எண்ணைப் போட்டேன்.

திங்கட்கிழமை தபாலாபீஸ். முன்பெல்லாம் பதிவுத் தபாலில்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம். 2025-இல் அது ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. கவுண்டரில் இருப்பவருக்கு ஊர்சுற்றியை நன்றாகத் தெரியும். முதல் தடவை நான் புக் போஸ்ட் சலுகை கேட்டு நின்றபோது, உள்ளே கடிதம் இருந்தால் அது புக் ஆகாது என்று பொறுமையாக விளக்கியவர். கவரை ஒட்டுமுன் பக்கத்தைத் திறந்து காட்டி, "இது மேல ஒரு சீல் குத்தித் தர முடியுமா?" என்றேன்.

கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "எந்த ஊர் ஸ்டாம்பு இது?"

"திருப்பூர்."

"ஜீரோ காசா." கொஞ்ச நேரம் பார்த்தார். "வெறுமனே குத்தக் கூடாது டீச்சர். அரசாங்க முத்திரை."

எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள். நான் நோட்டை மூடப் போனேன். அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து, "அஞ்சு ரூபா ஸ்டாம்பு ஒண்ணு வாங்கிக்கோங்க" என்றார். வாங்கினேன். மெழுகுவர்த்தியை ஒட்டினாற்போல, அந்த உடைந்த மூலைப் பக்கமாக ஒட்டச் சொன்னார். முத்திரையை மையில் இரண்டு தடவை தட்டி, அரசாங்கத் தலையின் ஓரத்தில் குறிவைத்துக் குத்தினார். பாதி வட்டம் அதன் மேல், மீதி 641-இன் மேல்.

"ஈரமா இருக்கு, உடனே மூடாதீங்க" என்றார்.