டைம்ஸ்டென் கேஷ் அமைத்த கதை: இழுபறி எல்லாம் ஆரக்கிள் பக்கம்தான்

ஆரக்கிள் டேட்டாபேஸுக்கு முன்னால் டைம்ஸ்டென்னை (மெமரியிலேயே ஓடும் ஆரக்கிளின் இன்னொரு டேட்டாபேஸ்) ரீட்-ஒன்லி கேஷாக, அதாவது வேகமாகப் படிக்க மட்டுமான நகலாக வைக்கும் வேலை ஒருவழியாக முடிந்துவிட்டது. இன்ஸ்டால் செய்வது, டிஎஸ்என் (டேட்டாபேஸ் இணைப்பு அமைப்பு) எழுதுவது, ஷேர்டு மெமரிக்காக கர்னல் அளவுகளை உயர்த்துவது எல்லாம் சுலபம். மூல டேட்டாபேஸைத் தொடவேண்டிய இடம் வந்ததும்தான் வேலை நின்றுபோனது.

முதல் அடி கேரக்டர் செட்டில், அதாவது எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் முறையில். இரண்டு பக்கமும் அது ஒன்றாகவே இருக்கவேண்டும். மூலத்தைப் பார்த்துக்கொள்ளும் டிபிஏவிடம் (டேட்டாபேஸ் நிர்வாகி) கேட்டதற்கு, "யுடிஎஃப்8தான், போட்டுக்கோங்க" என்று ஒரே வரியில் பதில் வந்தது. போட்டேன். டேட்டாபேஸ் உருவாகி, யூசர்களும் தயாராகி, கேஷ் வேலையைத் தொடங்கும்போது பொருந்தவில்லை என்று பிழை. அங்கே உண்மையில் இருந்தது ஏஎல்32யுடிஎஃப்8. ஆரக்கிளில் இவை இரண்டும் வேறு வேறு: பழைய யுடிஎஃப்8 ஓர் இமோஜியை ஆறு பைட்டில் வைக்கும், மற்றது நான்கில். இது தெரிந்திருக்கவேண்டிய ஆளே இப்படிப் போகிறபோக்கில் பதில் சொன்னது இன்னமும் உறுத்துகிறது. டைம்ஸ்டென்னில் கேரக்டர் செட்டைப் பிறகு மாற்ற முடியாது. அழித்துவிட்டு முதலிலிருந்து உருவாக்கவேண்டும். அதனால் யார் என்ன சொன்னாலும் ஆரக்கிளின் என்எல்எஸ் டேட்டாபேஸ் பாராமீட்டர்ஸ் வியூவில் (மொழி, எழுத்து அமைப்புகளைக் காட்டுவது) ஒரு குவெரி ஓட்டி, வந்த பெயரை அப்படியே எடுத்துப் போடுங்கள்.

அப்புறம் உரிமைகள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் கேஷ் குரூப் (சேர்த்து கேஷ் செய்யும் டேபிள்களின் தொகுப்பு) என்றால், ஆரக்கிளில் ஒவ்வொரு மூல டேபிளின் மேலும் ஒரு டிரிக்கரும் (டேபிள் மாறும்போது தானாக ஓடும் நிரல்), மாற்றங்களைக் குறித்துவைக்க ஒரு லாக் டேபிளும் உருவாகும். இதற்கான அனுமதிகளைத் தரும் ஸ்கிரிப்ட் டைம்ஸ்டென்னோடே வருகிறது. அதை ஓட்டச் சொல்லி டிபிஏ குழுவுக்கு டிக்கெட் போட்டால், "புரொடக்‌ஷனில் டிரிக்கர் உரிமை தர முடியாது" என்று மூடிவிட்டார்கள். மாற்று வழி என்ன என்று ஒரு சொல் இல்லை. மறுபடி திறந்தேன், மறுபடி மூடினார்கள்.

வழி டைம்ஸ்டென்னிலேயே இருக்கிறது. கேஷ் குரூப்பை ஆட்டோரெஃப்ரெஷ் ஸ்டேட் ஆஃப் என்று கொடுத்து உருவாக்கவேண்டும். பிறகு டைம்ஸ்டென்னின் கட்டளைக் கருவியான டிடிஐஎஸ்க்யூஎல்லில் கேஷ்எஸ்க்யூஎல்கெட் கட்டளை கொடுத்தால், ஆரக்கிளில் ஓடவேண்டிய முழு எஸ்க்யூஎல்லும் ஒரு ஃபைலாக வந்துவிடும். அதை டிக்கெட்டில் இணைத்து, "எங்களுக்கு அந்த உரிமை வேண்டாம், படித்துப் பார்த்து நீங்களே ஓட்டுங்கள்" என்று எழுதினேன். அன்றைக்கே ஓட்டிவிட்டார்கள்! ஸ்டேட்டை பாஸ்டுக்கு (இடைநிறுத்த நிலை) மாற்றி லோட் கொடுத்தேன். டேபிள்கள் மெமரிக்கு வந்தன, ஸ்டேட்டும் தானாக ஆன் ஆனது. இடைவெளியை நாமே கொடுக்காவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும், அதையும் கவனியுங்கள்.

சரி, முடிந்தது என்று நினைத்தால், ஒரு டேபிளில் மட்டும் பழைய வரிசைகள் அப்படியே உட்கார்ந்திருந்தன. கேஷ் ஏஜென்ட் (புதுப்பிப்பைச் செய்யும் பின்னணி புரோகிராம்) ஓடுகிறது, லாகில் பிழை இல்லை. கடைசியில் பார்த்தால், மூலத்தில் ஒரு இரவு ஜாப் அந்த டேபிளை ட்ரன்கேட் செய்துவிட்டு (மொத்தமாகக் காலிசெய்துவிட்டு) மறுபடி நிரப்புகிறது. ட்ரன்கேட் அந்த டிரிக்கரை எழுப்பாது. கேஷுக்கு அழிப்பு நடந்த செய்தியே போகாது. அந்த ஜாப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. டெலீட்டாக மாற்றச் சொல்லி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கேஷ் செய்யப்போகும் ஒவ்வொரு டேபிளுக்கும் ட்ரன்கேட் செய்யும் ஜாப் இருக்கிறதா என்று முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, இதுதான் மிக ஆபத்தானது. அந்த லாக் டேபிள்கள் ஆரக்கிளில் கேஷ் நிர்வாக யூசரின் டேபிள்ஸ்பேஸில்தான் (சேமிப்பு இடம்) இருக்கும்; அது நிரம்பிவிட்டால், இயல்பான அமைப்பில் மூல டேபிளில் எழுதவரும் அப்ளிகேஷனுக்கே பிழை போகும். கேஷ் ஏஜென்ட் நின்றுபோனாலும் லாக் டேபிள்கள் வளர்ந்துகொண்டேதான் இருக்கும், ஏனென்றால் ஏஜென்ட் டைம்அவுட்டின் (நின்றுபோன ஏஜென்டுக்காகக் காத்திருக்கும் நேரம்) இயல்பு மதிப்பு பூஜ்யம், அதாவது எல்லையே இல்லை. அந்த யூசருக்குத் தனி டேபிள்ஸ்பேஸ் கேளுங்கள். டைம்ஸ்டென்னின் டிடிகேஷ்கான்ஃபிக் கட்டளை மூலம் டைம்அவுட்டையும், இடம் நிரம்பினால் ரீலோட் செய்யும் விருப்பத்தையும் லைவ் போவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.