கேமராவா, அலாரமா? பல வேலை செய்யும் பாதுகாப்புக் கருவிக்கு டாரிஃப் எண் போடுவது எப்படி

புதுச்சேரியிலோ கடலூரிலோ சிசிடிவி, அலாரம், பயோமெட்ரிக் வியாபாரம் செய்துகொண்டு, இனி வெளிநாட்டிலிருந்து நேராகச் சரக்கு இறக்கலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சப்ளையர் முன்கூட்டி அனுப்பும் புரோஃபார்மா இன்வாய்ஸில் ஒரு ஹெச்எஸ் எண் இருக்கும். பொருள் எந்த வகை, அதற்கு எவ்வளவு சுங்க வரி என்று முடிவு செய்யும் டாரிஃப் எண் அது. அதை அப்படியே பில் ஆஃப் என்ட்ரியில் (சுங்கத்துக்குத் தரும் இறக்குமதி அறிக்கையில்) ஏற்றிவிடுவதில்தான் தொல்லை தொடங்குகிறது. அந்த எண்ணின் முதல் ஆறு இலக்கம் உலகப் பொது அமைப்பு. கடைசி இரண்டு நம் நாட்டுக்கே உரியது. அவர் அங்கே எதைப் போட்டார் என்பது இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது. சுங்கச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி மதிப்பீடு செய்துகொள்ள வேண்டியவர் இறக்குமதியாளர்தான். சிஎச்ஏ (உங்களுக்காகச் சுங்க வேலைகளைப் பார்க்கும் ஏஜென்ட்) கையெழுத்துப் போட்டாலும் தவறு நடந்தால் வரி கேட்டு வரும் நோட்டீஸ் உங்கள் பெயருக்கே வரும்.

ஒரு கருவியைக் கையில் எடுத்துப் பார்ப்போம். உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி. முன்னால் லென்ஸ். அதற்குக் கீழே பால் நிறத்தில் குமிழ்போல பிஐஆர் சென்சார், அதாவது உடல் வெப்பத்தை வைத்து ஆள் நடமாட்டத்தை அறிவது. பக்கவாட்டில் சைரன் ஒலிக்கச் சிறு துளைகள். அடியில் சிம் செருகும் வாய், பக்கத்திலேயே மெமரி கார்டுக்கு இடம். இன்வாய்ஸில் இதன் பெயர் 'ஸ்மார்ட் செக்யூரிட்டி டிவைஸ்'. டாரிஃபில் அப்படி ஒரு பொருளே கிடையாது. படம் பிடிப்பதால் 8525, அலாரம் அடிப்பதால் 8531, தகவல் அனுப்புவதால் 8517, பதிவு செய்வதால் 8521 என நான்கு தலைப்புகள் (நான்கு இலக்கப் பொருள் வகைகள்) இதற்குப் போட்டியிடுகின்றன.

இந்த நான்கும் டாரிஃபின் 16-ஆம் பிரிவுக்குள் இருப்பதால் முடிவு சொல்வது அந்தப் பிரிவின் 3-ஆம் குறிப்பு. ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகளைச் செய்யும் இயந்திரத்தை, அதன் முதன்மையான வேலையைச் செய்யும் இயந்திரமாகவே கருதி வகைப்படுத்த வேண்டும் என்கிறது அது. முதன்மை எது என்று விளம்பர வாசகத்தை வைத்து முடிவுகட்டக் கூடாது. லென்ஸை மூடிவிட்டால் இந்தப் பெட்டியில் விற்கத் தகுந்ததாக என்ன மிஞ்சும்? சைரனைக் கழற்றிவிட்டால்? உதிரிபாகப் பட்டியலில் பெரும் விலை இமேஜ் சென்சாருக்கும் வீடியோ சிப்புக்கும் போகிறதா, சைரனுக்கா? மேனுவலில் எத்தனை பக்கம் எதைப் பற்றிப் பேசுகிறது? ஆப்பைத் திறந்ததும் முதலில் வருவது நேரலைப் படமா, அலாரத்தை ஆன்-ஆஃப் செய்யும் பொத்தானா? இந்தக் கேள்விகளுக்கான பதில்களை ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி, கேட்டலாக், சர்க்யூட் வரைபடத்தோடு சேர்த்து வையுங்கள்.

நான் பார்த்தவரை மேலே சொன்ன பெட்டி கேமராதான். பிஐஆர் கேமராவை எழுப்புகிறது, கார்டு அதன் படத்தைச் சேமிக்கிறது, சிம் அதை அனுப்புகிறது. சைரன் கூடுதல் வசதி. ஆகவே 8525. இந்தியாவில் 2022 ஜனவரி 1 முதல் புதிய ஹெச்எஸ் நடைமுறைக்கு வந்தபோது பழைய 8525 80 உடைந்துவிட்டது. இரவில் பார்க்கும் கேமரா 8525 83-க்கும், சாதாரண வகை 8525 89-க்கும் போயின. ஆனால் இன்ஃப்ராரெட் எல்இடி இருக்கிற எல்லா கேமராவும் 83-க்குப் போகாது. துணைத்தலைப்புக் குறிப்பு அதற்கென்று தனி வரையறை வைத்திருக்கிறது, அதைப் படித்துவிட்டே எண் போடுங்கள். பழைய எண்ணோடு இன்றும் சுற்றும் சப்ளையர் பட்டியல்கள் உண்டு.

இதையே கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். பதினாறு ஜோன், கீபேட், பேட்டரி பேக்கப், சைரன் எல்லாம் உள்ள ஒரு பேனல், அலாரம் அடிக்கும்போது மட்டும் ஓர் அசையாப் படம் எடுக்கச் சின்ன கேமரா என்றால் அது 8531 10. கேமரா இங்கே சாட்சிக்கு நிற்கிறது, அவ்வளவுதான். கடலூர் சிப்காட் ஆலைகள் கேட்கிற வாயுக் கசிவு எச்சரிக்கைக் கருவியும், சென்சாரோடு ஒலி அல்லது ஒளி எச்சரிக்கை சேர்ந்து வந்தால் 8531-தான். வாயுவை அளந்து பகுத்து எண்ணாகக் காட்டுவதே வேலை என்றால் 9027-ஐப் பார்க்க வேண்டியிருக்கும்.

சிலர் முதன்மை வேலை எதுவென்று சொல்ல முடியவில்லை என்று எழுதி, டாரிஃபை வாசிப்பதற்கான பொது விதி 3(சி)-யின்படி எண் வரிசையில் கடைசியாக வரும் தலைப்பு, அதாவது 8531, தங்களுக்குக் கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த விதி உண்மையிலேயே பிரித்தறிய முடியாதபோது மட்டும் பயன்படும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் '4 மெகாபிக்சல் கேமரா' என்று அச்சடித்திருந்தால் அதிகாரி கேட்டலாக் கேட்டு ஒரு குவெரி போடுவார், அத்தோடு வாதம் முடிந்துவிடும்.

செட்டாக வரும் சரக்கில்தான் அதிகப்பேர் சறுக்குகிறார்கள். ஹப், கதவு சென்சார், பிஐஆர், சைரன் ஆகியவை சேர்ந்த வயர்லெஸ் அலாரம் கிட் 16-ஆம் பிரிவின் 4-ஆம் குறிப்புக்குள் அடங்கும். தனித்தனிப் பாகங்கள் சேர்ந்து ஒரே வேலையைச் செய்கின்றன, அந்த வேலைக்கு ஒரு தலைப்பும் இருக்கிறது, எனவே எல்லாம் 8531. கேமரா, மானிட்டர், கன்ட்ரோலர், ரெக்கார்டர் கொண்ட சிசிடிவி அமைப்புக்கு இது பொருந்தாது. அதன் பாகங்கள் அதனதன் தலைப்பில்தான் போக வேண்டும் என்று ஹெச்எஸ் விளக்கக் குறிப்புகள் பெயர் சொல்லியே எழுதியிருக்கின்றன. ஆகவே கேமரா 8525, டிவிஆர், என்விஆர் என்னும் வீடியோ ரெக்கார்டர்கள் 8521 என இன்வாய்ஸில் தனித்தனி லைன், தனித்தனி விலை இருக்க வேண்டும். நான்கு கேமரா, ஒரு டிவிஆர், கேபிள் எல்லாம் ஒரே சில்லறைப் பெட்டியில், பிரிக்காமல் அப்படியே விற்கும் விதத்தில் வந்தால் மட்டும், செட்டுக்கு அடிப்படைத் தன்மை தரும் பொருளின் தலைப்பைக் கொடுக்கும் பொது விதி 3(பி)-யைப் பேசலாம். 'சிசிடிவி சிஸ்டம், 50 செட்' என்ற ஒற்றை லைன் சரக்கை நிறுத்திவிடும்.

பயோமெட்ரிக் வருகைப்பதிவுக் கருவியில் பாதை வேறு. நேரத்தைப் பதியும் கருவி 9106. விரலையோ முகத்தையோ சரிபார்த்துக் கதவைத் திறப்பதே வேலையாக இருப்பது 8543 70 (வேறு தலைப்பில் சேராத மின்கருவிகள்) பக்கம் சாயும். 91-ஆம் அத்தியாயம் 16-ஆம் பிரிவுக்கு வெளியே இருப்பதால் 3-ஆம் குறிப்பு இங்கே உதவாது. பொது விதி 3-க்குப் போய் அடிப்படைத் தன்மை எது என்று பார்க்க வேண்டும். கேமரா வைத்த டிஜிட்டல் கதவுப் பூட்டுக்கும் அப்படியே. கேமராவை எடுத்தாலும் அது பூட்டாகவே இருக்கும், எனவே 8301. ஃபயர்வால் பெட்டி கம்ப்யூட்டர் போலத் தோன்றினாலும் தரவைக் கடத்திப் பிரித்தனுப்பும் கருவி, 8517 62.

இனி பணக் கணக்கு. மதிப்பு 1,00,000 ரூபாய், அடிப்படை வரி 20% என்று வைத்துக்கொள்வோம். வரி 20,000, அதன் மீது 10% சமூக நல சர்சார்ஜ் 2,000. இறக்குமதிக்கான ஜிஎஸ்டியாகிய ஐஜிஎஸ்டி 18% விழுவது 1,22,000-க்கு, அதாவது 21,960. ஐஜிஎஸ்டி கிரெடிட்டாகத் திரும்பும், 22,000 திரும்பாது. வரி 10% ஆனால் திரும்பாத தொகை 11,000. லட்சத்துக்கு 11,000 வித்தியாசம்தான் குறைந்த வரியுள்ள எண்ணைத் தேட வைக்கிறது. சுங்கச் சட்டம் 28-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டுகள் வரை, மறைத்ததாகக் கருதினால் ஐந்து ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கேட்கலாம். 15% வட்டி சேரும். மறைத்தது உறுதியானால் 114ஏ பிரிவில் வரிக்கும் வட்டிக்கும் சமமான அபராதம். அதற்குள் பழைய விலைக்கு விற்ற சரக்கு வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் மாட்டியாகியிருக்கும். வரி விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். 2019-இல் சிசிடிவி கேமராவுக்கும் டிவிஆருக்கும் 15 சதவீதம் 20 ஆனது. பில் ஆஃப் என்ட்ரி போடும் நாளில் என்ன விகிதம் என்று பாருங்கள்.

எண்ணை மாற்றினால் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவிலிருந்து தப்பிவிடலாம் என்பதும் நடக்காது. கட்டாயப் பதிவு ஆணை பொருள் என்ன என்று பார்க்கிறது. சிசிடிவி கேமராவுக்கு 2025 ஏப்ரல் முதல் பாதுகாப்புத் தேவைகளுக்கான சோதனையும் சேர்ந்திருக்கிறது. வைஃபை, புளூடூத் இருந்தால் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவான டபிள்யூபிசி தரும் இடிஏ சான்று (கருவி வகை ஒப்புதல்) வேண்டும். இந்த இரண்டும் மாடல் எண்ணோடு பொருந்த வேண்டும். கடைசி ஓர் எழுத்து மாறினாலும் கன்டெய்னர் சென்னையிலேயே நிற்கும், வாடகை ஓடும்.

இன்வாய்ஸ் விவரணையை இப்படி எழுதச் சொல்லுங்கள்: 'ஐபி கேமரா, 4 மெகாபிக்சல், வைஃபை, பிஐஆர், உள்ளமைந்த சைரன், மாடல் எண் இது, 200 எண்ணிக்கை'. எதையும் மறைக்காத விவரணை இருந்தால், பின்னால் எண்ணில் கருத்து வேறுபாடு வந்தாலும் உண்மையை மறைத்தார் என்று சொல்வது கடினம்.

தொடர்ந்து ஒரே மாடலை இறக்கப்போகிறீர்கள், எண்ணில் சந்தேகம் தீரவில்லை என்றால் எந்த எண் பொருந்தும் என்று இறக்குமதிக்கு முன்பே சொல்லும் முன்கூட்டிய தீர்ப்புக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் 10,000 ரூபாய், மூன்று மாதத்தில் முடிவு, சில ஆண்டுகள் வரை செல்லும். விண்ணப்பித்தவருக்கு மட்டுமே அது பொருந்தும், பக்கத்துக் கடைக்காரரின் தீர்ப்பு உங்களைக் காக்காது. சரக்கு ஏற்கெனவே வந்துவிட்டதென்றால் சுங்கச் சட்டம் 18-ஆம் பிரிவில் தற்காலிக மதிப்பீடு கேட்டு, பாண்ட் (உறுதிப் பத்திரம்) கொடுத்து எடுக்கலாம். அதிகாரி எண்ணை மாற்றி, நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், 17(5)-இன்படி காரணம் எழுதிய உத்தரவை 15 நாளில் தர வேண்டும். அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கு அறுபது நாள் அவகாசம்.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல்: புதுச்சேரியின் ஜிஎஸ்டி எண் 34-இலும் கடலூரின் எண் 33-இலும் தொடங்கும். இரண்டு இடத்திலும் கடை இருந்தால், பில் ஆஃப் என்ட்ரியில் எந்த எண் ஏறுகிறதோ அங்கேதான் ஐஜிஎஸ்டி கிரெடிட் விழும். சரக்கு சேதராப்பட்டு குடோனுக்கு, கிரெடிட் கடலூர் கணக்குக்கு என்று ஆகிவிட்டால் 149-ஆம் பிரிவில் திருத்தம் கேட்டு அலைய வேண்டும். செக்லிஸ்ட் சிஎச்ஏவிடமிருந்து வரும்போது டாரிஃப் எண்ணுக்கு அடுத்து அந்த முதல் இரண்டு இலக்கத்தையும் பார்த்துவிட்டு ஓகே சொல்லுங்கள்.