இங்கிலீஷ் தெரியாமலே ஆடலாம்

ஜூன் 8, 2025, ஞாயிறு

சாயங்காலம் மாடி வீட்டுப் பசங்களோடு கட்டான் (Catan) என்ற போர்டு கேம். "மோனோபாலி மாதிரியா அண்ணா?" என்று வழக்கமான கேள்வி. அதில் ஒருத்தர் திவாலானால் மிச்ச நேரம் வேடிக்கைதான் பார்க்க வேண்டும், இதில் யாராவது 10 புள்ளி எடுக்கும்வரை எல்லோரும் ஆட்டத்தில் இருப்போம், அடுத்தவர் பகடை உருட்டினாலும் நமக்குச் செங்கல் அட்டையோ கோதுமை அட்டையோ வரலாம், அதை வைத்துப் பேரம் பேசலாம். "ஒரு ஆடு கொடு, ரெண்டு செங்கல் தரேன்" என்று சத்தம் கிளம்பியதும் போன்கள் தானாகவே ஓரம் போய்விட்டன. செயற்கைப் பல் செய்யும் தொழிலில் இருந்த கிளவுஸ் டாய்பர் உருவாக்கி, 1995-ல் ஜெர்மனியில் வெளிவந்த ஆட்டம் இது.

அத்தையும் ஆர்வமாக வந்து உட்கார்ந்தார். ஆனால் சில அட்டைகளில் இங்கிலீஷில் எழுதியிருந்ததைப் பார்த்து, "நீங்க ஆடுங்கப்பா" என்று எழுந்து போய்விட்டார். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஜூன் 14, சனி

அத்தைக்காக இங்கிலீஷ் வேண்டாத ஆட்டம் தேடி அலமாரியைக் குடைந்தேன். விங்ஸ்பேன் ஆட்டம் எனக்கு உயிர், 170 பறவை அட்டைகள், ஒவ்வொன்றும் அழகு, ஆனால் படிக்கத் தெரியாமல் ஒன்றும் நகராது. கார்கசோன் என்ற ஆட்டத்தை எடுத்தேன். 72 சதுர அட்டைகள், எதிலும் ஒரு எழுத்துகூட இல்லை. ஒன்றை எடு, பாதையோடு பாதையும் கோட்டையோடு கோட்டையும் சேருகிற மாதிரி வை, வேண்டுமானால் மேலே உன் ஆளை நிறுத்து, அவ்வளவுதான். விதியை முழுக்கச் சொல்லாமல் முதல் அட்டையை அத்தை கையில் கொடுத்துவிட்டேன். வயலில் படுக்க வைத்த ஆள் ஆட்டம் முடியும்வரை எழுந்திருக்க மாட்டான் என்றதும், "உன் மாமா மாதிரி" என்றார்.

புதுசா ஆளைச் சேர்க்க நினைப்பவர்கள் பெரிய பெட்டியைக் காட்டி மிரட்டாதீர்கள்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று அசூல் என்ற ஆட்டம். நூறு டைல்ஸ், ஐந்து நிறம். டைல்ஸ் வைத்த ஒரு வட்டத் தட்டிலிருந்து ஒரே நிறத்தை மொத்தமாக எடுக்கணும், மிச்சம் நடுவுக்குப் போகும், வரிசையில் இடமில்லாமல் வழிந்தால் புள்ளி குறையும். பல்லாங்குழியில் கை பழகிய அத்தை, யாருக்கு எது மிஞ்சும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, யாருக்கும் தேவைப்படாத நாலு நீலத்தைப் பையன் தலையில் கட்டிவிட்டுச் சிரிக்கிறார்! 2018-ல் ஜெர்மனியில் ஆண்டின் சிறந்த ஆட்டம் என்று விருது வாங்கியது சும்மா இல்லை.

விலைதான் கடி. அதனால் நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றுக்கு விடலாம் என்று குடியிருப்பு வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறேன். மேசையில் பஜ்ஜி கூடாது என்பது மட்டும் என் நிபந்தனை, முறுக்குக்குப் பரிசீலனை உண்டு.

அடுத்த வாரம் கோயில் தோழியை அழைத்து வருவதாக அத்தை சொல்லியிருக்கிறார். அப்போது ஐந்து பேர் ஆகிவிடும், அசூல் நாலு பேருக்குத்தான், திரும்ப கார்கசோனே.