கருத்துடுவே, குடையைப் பிடி

மே மாதம் வந்தால் சேலத்துக்காரர்கள் ஏற்காட்டுக்கு பஸ் ஏறுவது வழக்கம். இந்த முறை நானும் சித்தியும் கிளம்பினோம். அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு குரங்குகள். தடுப்புச் சுவரில் குட்டியோடு உட்கார்ந்திருந்த ஒன்றை நன்றாகப் பார்த்தேன். முதுகு சாம்பல் கலந்த பழுப்பு, வயிறு வெளுப்பு. மான், முயல், மீன் எனப் பலவற்றுக்கும் இதே அமைப்புதான். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் முதுகு பளிச்சிடாமலும், நிழல் விழும் வயிறு இருண்டுபோகாமலும் சமன்பட்டு, வேட்டையாடும் கண்ணுக்கு உருவம் தட்டையாகிவிடும் என்பது விளக்கம். சிப்ஸ் பாக்கெட் பிடுங்குகிற குரங்குக்கு மறைவு எதற்கு என்று கேட்காதீர்கள்.

நான் போனது உண்மையில் பகோடா பாயிண்ட் பக்கத்துப் பாறைகளுக்காக. அங்கே பாறை ஓணான் பார்க்கலாம். வெயில் ஏறியதும் ஒரு ஆண் உச்சிப் பாறையில் வந்து நின்றது. முதுகு செங்கல் சிவப்பு, விலாவும் வாலும் கரி. நின்ற இடத்தில் தண்டால் எடுத்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில், என் செருப்புக்கு ஒரு முழம் தள்ளி இருந்த பெண் ஓணான் நகர்ந்த பிறகுதான் கண்ணில் பட்டது. பாறையில் படர்ந்த பாசியின் புள்ளிகள்கூட அதன் முதுகில் அப்படியே இருந்தன.

ஒரே இனம், ஒரே பாறை, ஏன் இத்தனை வித்தியாசம்? பெண்ணுக்குப் பருந்தின் கண்ணில் படாமல் இருந்தால் போதும். ஆணுக்கு இணையின் கண்ணில் பட்டே ஆக வேண்டும். அதனால் இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் இந்த வேஷம். அதிலும் இரண்டு வகை உண்டு. பெண்ணின் முன்னால் சிவப்பும் கருப்பும்; எதிரி ஆண் வந்தால் முதுகு மஞ்சளாகி விலா ஆரஞ்சாகிவிடும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நொடிகளில் நடக்கிற மாற்றம் இது.

பெண்ணின் பாறை நிறமோ தலைமுறை தலைமுறையாக வந்தது. பாறையோடு ஒட்டாததைப் பருந்து தூக்கிப் போயிருக்கும். இதற்குத் தெளிவான சான்று அமெரிக்கப் பாலைவனத்து எலிகள். மணல் நிறப் பாறையில் வெளிர் எலி, எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறையில் கருப்பு எலி. அரிசோனாவில் அந்தக் கருப்புக்கு எம்சி1ஆர் என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றம் காரணம் என்று 2003-இல் கண்டுபிடித்தார்கள். நியூ மெக்சிகோவின் கரும்பாறையில் எலி அதே கருப்புதான், ஆனால் அந்த மரபணு காரணமில்லை! வழி எதுவானால் என்ன, ஆந்தையிடம் தப்பினால் சரி.

இதற்குள் சித்தி நாலு தடவை கூப்பிட்டுவிட்டார். "கருத்துடுவே கண்ணு, குடையைப் பிடி."

"குளுகுளுன்னு காத்தடிக்குது, இதுல என்ன சித்தி கருக்கறது?" என்றேன். ஆனால் விஷயம் அவர் பக்கம்தான். உயரே போகப் போக, ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் அளவுக்குப் புற ஊதாக் கதிர் கூடும். ஏற்காடு சேலத்தைவிட 1,200 மீட்டருக்கு மேல் உயரம். குளிர் காற்று வெயிலை மறைத்துக் காட்டும், அவ்வளவுதான்.

கருப்பதில் சித்தி நினைக்கிற மாதிரி கேடு ஒன்றுமில்லை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் ரத்தத்திலுள்ள ஃபோலேட் சத்தை வெயில் சிதைக்காமல் காக்கிறது. கருவிலுள்ள குழந்தையின் தண்டுவடம் சரியாக உருவாக அந்தச் சத்து வேண்டும். வெயில் குறைந்த வடக்கே போனவர்களுக்கு, வெயில் பட்டுத் தோலில் உருவாகும் வைட்டமின் டி கிடைப்பதே பிரச்சினை, அங்கே தோல் வெளுத்தது. ஆய்வாளர்கள் நீனா ஜப்லான்ஸ்கியும் ஜார்ஜ் சாப்ளினும் 2000-இல் உலகத் தோல் நிறங்களைப் புற ஊதாக் கதிர் அளவோடு ஒப்பிட்டு இதை விளக்கினார்கள். நம் கருப்பு இந்த வெயிலுக்கென்றே அமைந்த பாதுகாப்பு. சிவப்பழகு க்ரீம் விற்கிறவர்களுக்கு இதைச் சொல்லி என்ன பயன்!

ஓணான் பார்க்கப் போகிறவர்கள் வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள். பனிமூட்டத்தில் அவை பாறை இடுக்கை விட்டு வராது. கல்லெறியும் கூட்டம் வருமுன் காலையிலேயே போய்விடுவது நல்லது.