ஒரு புள்ளியும் பிஎச்பியும்

பெங்களூரு அல்சூரில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் ஒரு தமிழர் கடை. 2012-ல் அவர்கள் ஆர்டர் எடுக்க பிஎச்பி என்ற கணினி மொழியில் ஒரு சின்ன மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். ரசீதில் பெயருக்கு 20 எழுத்துதான் இடம். மிஞ்சுவதை வெட்ட, சப்ஸ்டர் என்ற பிஎச்பி கட்டளையைப் போட்டிருந்தேன். பெயர்களை இங்கிலீஷில் அடித்தவரை ஒரு குறையும் இல்லை. தமிழுக்கு மாறிய அன்றே கடைக்காரர் போன் செய்தார்.

"தம்பி, முருகன்னு அடிச்சா கடைசியில கேள்விக்குறி வருதுப்பா."

சப்ஸ்டர் எண்ணுவது எழுத்தை அல்ல, கணினி சேமிக்கும் சின்ன அலகான பைட்டை. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். 'முருகன்' என்பதில் உகரக் குறிகள், புள்ளி எல்லாம் சேர்த்து 7 குறியீடுகள், 21 பைட். கடைசிப் புள்ளி பாதியில் அறுந்திருக்கிறது. பைட்டுக்குப் பதில் குறியீட்டை எண்ணும் எம்பி-சப்ஸ்டர் என்று மாற்றி, எஃப்டிபி வழியாகச் சர்வரில் ஏற்றி, "ரெஃப்ரெஷ் பண்ணுங்கண்ணா" என்றேன். அவர் போனை வைப்பதற்குள் சரியாகிவிட்டது.

மறுவாரம் 'விஜயலட்சுமி பாண்டியன்' வந்தார். ரசீதில் 'பாண்டியன' என்று நின்றது. புள்ளி 21-வது குறியீடு! எம்பி-சப்ஸ்டர் குறி சேர்ந்த உயிர்மெய்யையும் புள்ளி வைத்த எழுத்தையும் இரண்டிரண்டாக எண்ணுகிறது. கிராஃபீம்-சப்ஸ்டர்தான் நாம் பள்ளியில் எண்ணியதுபோல எண்ணும்: 'மி' ஒன்று, 'ன்' ஒன்று. அதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பிஎச்பி மேல் எனக்குப் பிடிப்பு வந்தது இப்படித்தான். கடையில் ஒருவர் குறை சொல்கிறார், நான் ஒரு வரியை மாற்றுகிறேன், அடுத்த நொடி அவர் பார்க்கிறார். இடையில் வேறெதுவும் இல்லை. குறைகளும் உண்டுதான். பட்டியலுக்குள் தேடும் இன்-அரே கட்டளையில் தேடும் பொருளை முதலில் தர வேண்டும், சொற்றொடருக்குள் தேடும் ஸ்டர்பாஸில் அது இரண்டாவது. இத்தனை வருடம் கழித்தும் கையேட்டைப் பார்க்கிறேன்.

கோரமங்கலாவில் ஒரு நேர்காணலில், "ரெஸ்யூமில் பிஎச்பியை மேலே போடாதீங்க" என்று அக்கறையாகவே சொன்னார்கள். மனசு வலித்தது. ரஸ்மஸ் லெர்டார்ஃப் 1994-ல் இதைத் தொடங்கியதே, இணையத்தில் போட்ட தன் ரெஸ்யூமை எத்தனை பேர் வந்து பார்க்கிறார்கள் என்று கணக்கு வைக்கத்தான். விக்கிப்பீடியாவும், வலைத்தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸும் இன்றும் அதில்தான் ஓடுகின்றன. என் ரெஸ்யூமில் அது மேலேயே இருக்கிறது.

2015 டிசம்பரில் பிஎச்பி 7 வந்தது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தோடு பேசும் பழைய ஃபங்ஷன்களை அதில் எடுத்துவிட்டார்கள். அதனால் கடையின் மென்பொருளை மாற்ற இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. திங்கள் காலை கடைக்குப் போய், சோதனைக்கு அதே விஜயலட்சுமி பாண்டியன் பெயரை அடித்தேன். ரசீதைக் கிழித்து அண்ணியிடம் கொடுத்தார் கடைக்காரர். அண்ணி விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டே போனார்.

"புள்ளி இருக்குப்பா" என்றார்.