எந்த நாடு என்பதற்கு முன், எந்த வார்டு

தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் நர்சிங் முடித்து வெளிநாட்டுக்குத் தயாராகும் தங்கைகள் என்னிடம் கேட்பது, "அக்கா, எந்த கன்ட்ரிக்குப் போகலாம்?" என்றுதான். "எந்த வார்டுல போடுறாங்கன்னு கேட்டியா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பாதிப் பேருக்குத் தெரியாது. ஏஜென்சி சொல்லியிருக்காது, இவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள். விசாவையும் சம்பளத்தையும் நாடு முடிவு செய்யும். ஆனால் டியூட்டி முடிந்து எந்த மனநிலையில் வீடு திரும்புகிறோம் என்பதை முடிவு செய்வது வார்டும் அங்குள்ள பொறுப்பு சிஸ்டரும்தான். வட இங்கிலாந்தில் ஒரு அரசு மருத்துவமனையில் சில வருடங்கள் வேலை பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது.

நாட்டையும் யோசிக்கத்தான் வேண்டும். வளைகுடாவுக்கு டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்பும், நர்சிங் உரிமத்துக்கான ப்ரோமெட்ரிக் தேர்வும் முடித்தால் போகலாம், சம்பளத்தில் வருமான வரி பிடிக்க மாட்டார்கள். வீட்டில் கடன் நெருக்கினால் அதுவே சரி. ஜெர்மனிக்கு பி2 என்ற நிலை வரை ஜெர்மன் மொழி படிக்க வேண்டும். நைட் முடித்துத் திருவொற்றியூரிலிருந்து நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனுக்கு வகுப்புக்கு ஓடும் பொறுமை எல்லோருக்கும் இருக்காது. அமெரிக்காவுக்கு என்க்ளெக்ஸ் என்ற நர்சிங் உரிமத் தேர்வை பாஸ் செய்தாலும், இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வேலை வழியாக நிரந்தரமாகக் குடியேறும் இ.பி.3 விசா வரிசை பத்து வருடத்துக்கு மேல் நீள்கிறது. இங்கிலாந்துக்கு ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் எழுத்துக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் 7 வேண்டும், இல்லையென்றால் மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி. அதோடு சிபிடி என்ற கணினித் தேர்வு. அங்கே போன பிறகு ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வு.

சரி, வார்டுக்கு வருகிறேன். படிக்கும்போது பெரிய அரசு மருத்துவமனையில் போஸ்டிங். அப்புறம் வடசென்னையிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் ஜெனரல் வார்டு. நைட்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள் என்று யாரும் கணக்குப் பார்க்காத இடம் அது. ட்ரிப்ஸ் ஏற்றக் கையில் வென்ஃப்ளான் (கேனுலா) போடுவது, ட்ரிப்ஸ் ஓடுவதைக் கண்ணாலேயே கணிப்பது, நோயாளியோடு வரும் அட்டெண்டர்களைச் சமாளிப்பது என எல்லாம் கைக்குப் பழகிவிட்டது. துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு போனவர்கள், மணலி பக்கத்திலிருந்து இளைப்போடு வருபவர்கள், காசிமேட்டில் மீன் வெட்டிக் கை கிழித்துக்கொண்ட அம்மாக்கள் என்று பார்த்துப் பார்த்து, முகத்தை வைத்தே யார் மோசமாகப் போகிறார் என்று சொல்ல வந்துவிடும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஆயாம்மா வந்து, "சிஸ்டர், எட்டாம் பெட் பெரியவர் முழி சரியில்ல" என்பார். போய்ப் பார்த்தால் உண்மையாகவே சரியிருக்காது.

இந்தத் திறமையோடு இங்கிலாந்து போனால், அந்த மருத்துவமனையின் பயிற்சி முடித்துக் கையெழுத்து வாங்கும்வரை கேனுலா போட விடமாட்டார்கள். ரத்தக் குழாய் வழியாக மருந்து கொடுக்கவும் விடமாட்டார்கள். வருடக்கணக்காகச் செய்த வேலையைத் தள்ளி நின்று பார்ப்பது மனதுக்குக் கஷ்டம்தான். நல்ல வார்டாக இருந்தால் அந்தப் பயிற்சியைச் சீக்கிரம் முடிக்க வைப்பார்கள். ஆள் இல்லாத வார்டில் பயிற்சிக்கு அனுப்பவே நேரம் கிடைக்காது. அதே ஊரில், அதே சம்பளத்தில், ஒருத்தி முன்னேறுவாள், இன்னொருத்தி அங்கேயே நிற்பாள்.

எனக்கு அங்கே மிகவும் பிடித்தது, நோயாளி மோசமாகிறாரா என்று முன்கூட்டியே காட்டும் நியூஸ்2 என்ற மதிப்பெண் முறை. மூச்சு, ஆக்சிஜன் அளவு, ஆக்சிஜன் வைத்திருக்கிறோமா என்பது, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, நினைவு, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்ட வேண்டும். 5 வந்தால் அவசரமாக டாக்டர் பார்க்க வேண்டும், 7 அல்லது அதற்கு மேல் வந்தால் எமர்ஜென்சி டீம் வர வேண்டும். ஆயாம்மாவும் நானும் முகத்தைப் பார்த்துச் சொன்னதை இங்கே டியூட்டி டாக்டரிடம் தயங்கித் தயங்கித்தான் சொல்வோம். "என்னம்மா, ராத்திரில எழுப்புற?" என்ற குரலுக்குப் பயம். அங்கே எண்ணைச் சொன்னால் போதும், எழுந்து வந்தாக வேண்டும். கூப்பிடத் தயங்கினால்தான் என்னைக் கேள்வி கேட்பார்கள். நம் ஊர் வார்டுகளில் பார்க்கும் நர்ஸின் கண்ணுக்கும் இந்த மரியாதை கிடைத்தால் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று இன்றும் நினைக்கிறேன்.

லண்டனா, சின்ன ஊரா என்பது அடுத்த பேச்சு. ஈஸ்ட்ஹாமில் தமிழ்க் கடை, கோயில் எல்லாம் உண்டு என்று சொந்தக்காரர்கள் லண்டனுக்கே தள்ளுவார்கள். அரசு மருத்துவமனையில் பதிவான நர்ஸுக்கு பேண்ட் 5 என்ற சம்பளப் படியில் தொடக்கச் சம்பளம் 2025-26இல் வருடத்துக்கு 31,049 பவுண்டு. லண்டனின் மையப் பகுதி என்றால் 20 சதவீதம் கூடுதல். அந்தக் கூடுதலை வாடகையே விழுங்கிவிடும். குழந்தையைப் பின்னால் அழைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்குச் சின்ன ஊர்தான் நல்லது என்பது என் கருத்து. தனிமை இருக்கும், மறைக்கவில்லை.

பணம் கேட்கும் ஏஜென்சிகளைப் பற்றிக் கோபமாகவே எழுதுகிறேன். வெளிநாட்டு வேலைக்குப் பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் இந்திய விதிப்படி 30,000 ரூபாயும் அதன் ஜிஎஸ்டியும்தான். இங்கிலாந்தின் ஆள்சேர்ப்பு நெறிமுறைப்படி நர்ஸிடம் கட்டணமே வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சேரும்போது கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில், முன்னதாக விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், அது மாதாமாதம் குறையுமா என்று பாருங்கள். இங்கே ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பிடித்து வைத்துக்கொண்ட தனியார் மருத்துவமனையில் தவித்தவள் நான். அதனால் இதை விடாமல் சொல்கிறேன்.

காசிமேட்டுப் பெண் ஒருத்தி, அப்பா விசைப்படகில் போகிறவர், இந்த வருடம் இரண்டு மருத்துவமனைகளின் ஆன்லைன் நேர்காணலுக்குப் போனாள். முடிவில் "ஏதாவது கேட்கணுமா?" என்று அவர்கள் சொன்னதும், நாங்கள் எழுதி வைத்திருந்ததைக் கேட்டாள். பகலில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள்? அங்கே மருத்துவ வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2014இல் வெளியிட்ட வழிகாட்டலில், எட்டுக்கு மேல் போனால் ஆபத்து கூடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை வாரம் வார்டின் ஆள் கணக்கில் சேராமல் கூட நின்று கற்றுக்கொள்ளலாம்? முதல் ஓஸ்கியில் தவறினால் என்ன செய்வீர்கள்? ஒரு இடத்தில், "அதெல்லாம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். இன்னொரு இடத்தில் வார்டு மேனேஜரே பேசினார், வாரக் கணக்கைச் சொன்னார், போன வருடம் சேர்ந்த இந்திய நர்ஸ் ஒருவரிடம் பேச ஏற்பாடு செய்தார். இரண்டாவது ஊரின் பெயரை அவள் வீட்டில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அதைத்தான் எடுத்திருக்கிறாள். இப்போது என் வீட்டுக்கு வந்து, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணி எழுதப் பழகுகிறாள்.