எங்கள் வகுப்பு நக்கீரன்

மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டதும் எனக்கு நினைவு வந்தது எட்டாம் வகுப்பில் நான் எழுதிய மழைக் கவிதைதான். கையெழுத்துப் பத்திரிகைக்கு எழுதியது. கடைசி வாங்கில் இருந்தவன் பறித்துப் படித்தான். "தவளை எப்போதடா புன்னகைத்தது?" என்றான். அப்புறம் இரண்டு ஒற்றுப்பிழைகளையும் உரக்கச் சொன்னான். வகுப்பே சிரித்தது. அந்த ஆத்திரத்தில்தான் அவனுக்கு நக்கீரன் என்று பெயர் வைத்தேன். பெயர் ஒட்டிக்கொண்டது. "நக்கீரன் வாறான், கொப்பியை மூடு" என்பது எங்கள் வகுப்பு எச்சரிக்கை.

எதிலும் நொட்டை பிடிப்பவன் என்பதுதான் அந்தப் பெயருக்கு நாங்கள் வைத்திருந்த பொருள். தருமி பொற்கிழி வாங்கவந்த கதையும், நெற்றிக்கண்ணைக் காட்டிய இறைவனிடமே "குற்றம் குற்றமே" என்று நின்ற புலவர் கதையும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தருமி கொண்டுவந்த பாட்டை நாங்கள் யாரும் படித்ததில்லை.

பட்டப்பெயர் தமிழ் ஆசிரியர் காதுக்குப் போனது. அடி விழும் என்று நினைத்தேன். அவர் தருமி கொண்டுவந்த அந்தப் பாட்டை, குறுந்தொகையின் 2ஆம் பாட்டை, பலகையில் எழுதினார். "கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி, காமம் செப்பாது கண்டது மொழிமோ." எனக்குப் பிடிக்கும் என்பதற்காகச் சொல்லாதே, நீ கண்டதைச் சொல் என்று தலைவன் வண்டிடம் கேட்கிறான். "பாட்டு கேட்டதைத்தானே நக்கீரர் செய்தார்?" என்றார் ஆசிரியர். கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்ற வழக்கில் நியாயம் யார் பக்கம் என்பது வேறு கதை.

இன்னொன்றும் சொன்னார். கீரர் என்பதுதான் பெயர்; முன்னால் நிற்கும் 'ந' சிறப்புக்காகச் சேர்ந்தது, நப்பூதனார், நச்செள்ளையார் என்பவற்றில் போல. நான் திட்டுவதாக நினைத்து அவனுக்கு மரியாதை அடைமொழியும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்!

இப்போதும் "பெரிய நக்கீரர் வந்துவிட்டார்" என்றால் கிண்டல், "நக்கீரப் பார்வை" என்றால் பாராட்டு. சொல்பவர் குரலைக் கேட்டால்தான் எது என்று தெரியும். என் கணக்கில் நொட்டை பிடிப்பவன் வேறு ஆள். அவன் எளியவனிடம் வாய் நீட்டுவான், பெரியவர் முன்னால் தலையாட்டுவான். எங்கள் நக்கீரன் அப்படியில்லை. பரிசளிப்பு விழாவில் தலைமை விருந்தினர் குறளைத் தவறாகச் சொன்னபோது, எழுந்து திருத்தியவன் அவன்தான். அதற்கு வாங்கிய தண்டனையையும் நான் பார்த்தேன்.

இந்த மலருக்கு மெய்ப்புப் பார்ப்பவனும் அவனே என்று நேற்றுத்தான் தெரிந்தது. ஒற்றுகளை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். தவளை எங்கேயும் வரவில்லை, அந்த ஒரு வரியைத் தவிர.